சாமிக்கு அடகு வச்ச பீடி

வாங்க சாமி, வாங்க. திண்ணையில உக்காருங்க. மலையேறி இறங்கின காலு, நீட்டிக்கிட்டே உக்காரலாம், மரியாதையெல்லாம் பாக்க வேணாம். அரவணை டப்பாவை அத்தைகிட்டக் குடுத்தாச்சா? நல்லது. சாயந்தரம் எந்தங்கச்சி தேங்காய் உடைச்சு உங்க மாலையைக் கழட்டப் போறான்னு கேள்விப்பட்டேன். அதுக்கு முன்னாடி ரெண்டு வார்த்தை பேசிரணும்னுதான் ஆள் விட்டுக் கூப்பிட்டேன். மாலை கழுத்துல இருக்கிற வரைக்கும் கோவப்படக் கூடாது, பெரியவங்க பேச்சைத் தட்டக் கூடாது, வெரதம். கழட்டிட்டா துண்டை உதறிட்டு எந்திரிச்சுப் போயிருவீங்க. எனக்கு இந்த மதியத்தை விட்டா வேற நேரம் ஏது?

அட, இந்த ‘ங்க’ போட்டுப் பேசி வாய் வலிக்குது. அரைஞாண் கயிறோட தெருவுல ஓடினப்பத் தூக்கிட்டுத் திரிஞ்சவன் நான். மாப்ளேன்னே கூப்பிடுறேன். ஐயப்பன் கோவிச்சுக்க மாட்டாரு, அவருக்கும் ஊருல ஒரு மாமன் இருந்திருப்பாரு.

மாப்ளே, நம்ம ஊருப் பெட்டிக்கடைக்காரருக்குப் பஞ்சாங்கமே தேவையில்ல தெரியுமா? கார்த்திகை பொறந்தா பீடிக்கட்டு கொறைச்சு எடுப்பாரு. மார்கழி பாதியில கூடக் கொஞ்சம் சேத்துப் போட்டு வைப்பாரு. உங்க வேன் நேத்து ராத்திரி பிள்ளையார் கோயில் முன்னாடி வந்து நின்னுச்சே, “சாமியே சரணம்”னு நீங்க அத்தனை பேரும் சத்தம் போட்டு இறங்குனீங்களே, அந்நேரத்துக்கு அவரு என்ன செஞ்சாருன்னு நான் பாத்தேன். கடை ஓரத்துல தொங்குற கயித்து நுனியை எடுத்துப் பத்த வச்சாரு. சரணம் சொன்னது நீங்க, சரணாகதிக்குத் தயாரா நின்னது அந்தக் கயிறு.

நாப்பத்தோரு நாளு. இந்த நாப்பத்தோரு நாளும் உன்னைக் கவனிச்சுக்கிட்டே இருந்தேன். ஒரு நாளைக்கு ஒரு கட்டு பீடியை முழுசா முடிக்கிற ஆளு. காலையில பீடி இல்லைன்னா கொல்லைப்பக்கம் போக முடியாதுன்னு டாக்டருகிட்டயே சொன்ன ஆளு. ஐப்பசி கடைசி வரைக்கும் அப்படி. கார்த்திகை ஒண்ணாந்தேதி துளசிமணி கழுத்துல விழுந்துச்சு, பீடியும் நின்னுச்சு, கொல்லைப்பக்கமும் ஒழுங்கா நடந்துச்சு. அப்ப அந்தக் கட்டெல்லாம் எங்க போச்சு? நீ விட்டுட்டேன்னு சொல்ற. நான் ஒத்துக்க மாட்டேன். நீ விடல மாப்ளே, அடகு வச்சிருக்க. ஐயப்பனை அடகுக்கடைக்காரரா ஆக்கி, ஒரு மண்டலத்துக்கு வட்டியில்லாம வச்சிட்டு, தேங்காய் உடைச்ச கையோட ரசீதைக் காட்டி மீட்டுக்கலாம்னு நெனைக்கிற. வேன்ல வரும்போது குமுளி தாண்டி, கம்பம் தாண்டி, தேனி வந்ததும் உன் கை தன்னால சட்டைப்பை இருக்கிற இடத்தைத் தடவுச்சாமே? அதை எனக்குச் சொன்னது யாருன்னு கேக்காத. பக்கத்து சீட்டுச் சாமிதான்.

நம்ம பேத்தி மதுரையில நர்ஸுப் படிப்பு படிக்கிறால்ல, அவ சொன்னா: பீடியில இருக்கிற நிக்கோட்டின்னு ஒண்ணு இருக்கே, அது ரத்தத்துல ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா பாதியாக் கொறையுமாம். விட்டவனுக்கு மொத மூணு நாலு நாளுதான் பெரும்பாடு. எரிச்சல், தூக்கமின்மை, எதைப் பாத்தாலும் கோவம். மூணு நாலு வாரம் போச்சுன்னா உடம்பு பெரும்பாலும் அடங்கிருமாம். கணக்குப் போட்டுப் பாரு. திருக்கார்த்திகைக்கு அகல் வெளக்கு ஏத்தி முடிச்ச கொஞ்ச நாள்லயே உன் உடம்பு பீடியோட இருந்த கணக்கைத் தீத்துருச்சு. இன்னிக்கு ராத்திரி நீ வாங்கப் போற பீடி இருக்கே, அதைக் கேக்குறது உன் உடம்பு இல்ல. பின்னே யாரு? சாயந்தரம் பாலத்துக் கட்டையில குந்தியிருக்கிற அந்த நாலு பேரு. டீக்கடை கிளாஸு. சாப்பிட்டு எந்திரிச்சதும் கைக்கு வேலையில்லாம நிக்கிற அந்த அஞ்சு நிமிசம். அம்புட்டுதான். இந்த மூணுக்கும் பயந்துதான் ஒரு மலைச்சாமியைத் தோத்துப் போக வைக்கப் போற.

இப்ப நீ ஒண்ணு கேப்ப. “மாமா, பக்தி இருந்தா போயிலை தன்னால விட்டுப் போயிரும்னு எல்லாரும் சொல்றாங்களே?” சொல்லட்டும். மைக்கு இருக்கிறவன் என்ன வேணா சொல்லுவான். பக்தி மட்டும் போதும்னா நம்ம ஜில்லாவுல ஒரு பீடிக் கம்பெனி பொழைக்குமா? பழனிக்குத் தைப்பூசத்துக்கு ஒட்டன்சத்திரம் வழியா நடந்து போறாங்களே, ரோட்டோரமாப் போய்ப் பாரு. காவடி தோள்ல, அரோகரா வாயில, விரலுக்கு நடுவுல புகை. முருகனுக்கு எல்லாம் தெரியும், அவரு ஒண்ணும் சொல்றதில்ல.

பேத்தி இன்னொண்ணும் படிச்சுக் காட்டினா. அமெரிக்காவுல வட கரோலினான்னு ஒரு சீமை. அங்க ஹெரால்ட் கோனிக்னு ஒரு டாக்டரு. 65 வயசு தாண்டின பெருசுக கிட்டத்தட்ட 4,000 பேரை விசாரிச்ச கணக்கை வச்சு 1998-ல எழுதியிருக்காரு. வாரம் தவறாம சர்ச்சுக்குப் போறவங்க, தெனமும் செபம் பண்றவங்க, பைபிள் படிக்கிறவங்ககிட்ட சிகரெட் கம்மி. ரொம்பவே கம்மி. இது நாம எதிர்பாத்ததுதான். ஆனா அதே கணக்குல ஒரு வேடிக்கை இருக்கு. டி.வி.யிலயும் ரேடியோவுலயும் பிரசங்கம் கேக்குற கூட்டம் ஒண்ணு உண்டுல்ல? விடிய விடிய கேட்டாலும் அவங்ககிட்ட சிகரெட் கம்மியா இல்லையாம்!

எனக்குச் சிரிப்புத் தாங்கல. ஏன்னு கேளு. சாமி அதே சாமிதான், வசனம் அதே வசனம்தான். ஆனா டி.வி.யை நீ பாக்குற, டி.வி. உன்னைப் பாக்குறதில்ல. சர்ச்சுல பக்கத்து பெஞ்சுக்காரி மூக்கை உறிஞ்சி, “என்ன, ஒரு மாதிரி வாடை வருது?”ன்னு திரும்பிப் பாப்பா. அந்தத் திரும்பிப் பாக்குறதுலதான் இருக்கு சூட்சுமம். நம்ம வீட்டுப் பெருசு ஒண்ணு காலையில திருப்பதி சுப்ரபாதத்தை டி.வி.யில போட்டுட்டு, ஈசிச்சேர்ல சாஞ்சு பீடி இழுக்குதே, ஏழுமலையான் என்ன, எழுந்து வந்து சேனலையா மாத்தப் போறாரு?

உன்னை நாப்பத்தோரு நாள் காப்பாத்தினது எதுன்னு யோசிச்சுப் பாரு. கறுப்பு வேட்டி. அதை ஒளிச்சு வைக்க முடியாது, ரெண்டு பர்லாங்குக்கு அந்தாண்ட இருந்தே தெரியும். அந்த வேட்டியோட பெட்டிக்கடையில போய் நின்னு பீடி கேட்டா, கடைக்காரரே, “என்ன சாமி இது?”ன்னு கேட்டுப்புடுவாரு. வியாபாரம் போனாலும் பரவாயில்லைன்னு கேப்பாரு, ஏன்னா அவரு மகனும் மாலை போட்டிருக்கான். ராத்திரி பஜனைக்குப் போகணும், குருசாமி முன்னாடி உக்காரணும், வாயைத் திறந்து சரணம் சொல்லணும். பீடி குடிச்ச வாய் சரணம் சொன்னா மொத வரிசை முழுக்கத் தெரிஞ்சிரும். உன் பொண்டாட்டி சாமின்னு கூப்பிடுறா, உன் மகன் சாமின்னு கூப்பிடுறான். ஊரே உன்னைச் சாமின்னு கூப்பிடும்போது முள்ளுக்காட்டுக்குள்ள போய் ஒளிஞ்சு இழுக்க உனக்கே வெக்கமா இருந்துச்சு. பக்தி இல்லைன்னு சொல்லல. இருந்துச்சு. ஆனா பக்திக்கு மூக்கு கெடையாது மாப்ளே, குருசாமிக்கு இருக்கு.

ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போறேன். மாலையில இருக்கும்போது ரெண்டு மூணு சாமிமாரு பொட்டலப் போயிலையை உதட்டுக்குள்ள ஒதுக்கிக்கிட்டு, “புகை வரலையே சாமி”ன்னு சட்டம் பேசினதை நான் பாக்கலைன்னு நெனைக்காத. புகை வராட்டி என்ன, வாய்க்குள்ள புண்ணு வருமே. ஐயப்பனுக்கு வக்கீல் வச்சவங்க அவங்க.

சரி, கருப்பன் கதைக்கு வருவோம். நீ அதைத்தான் கடைசி ஆயுதமா வச்சிருக்கன்னு எனக்குத் தெரியும். “கருப்பசாமியே சுருட்டுப் பிடிக்குறாரு, நான் பிடிச்சா மட்டும் தப்பா?” அதானே?

ஏரிக்கரைக் கருப்பனுக்குச் சுருட்டு வைக்கிறதை நீ தள்ளி நின்னு கும்பிட்டிருக்க, நான் பக்கத்துல நின்னு பாத்திருக்கேன். பூசாரி சுருட்டை மொதல்ல தன் வாயில வச்சு ரெண்டு இழுப்பு இழுத்து நல்லாக் கங்கு பிடிக்க வைப்பாரு. சாமிக்குப் பத்த வைக்கிறாருன்னு நாம நெனைப்போம். அப்புறம் மண்சிலையோட மீசைக்குக் கீழ, உதட்டு இடுக்குல சொருகுவாரு. மேல்காத்து அடிச்சா கங்கு சிவந்து சாம்பல் நீளும். “சாமி இழுக்குறாரு பாரு, சாமி இழுக்குறாரு”ன்னு பொம்பளைங்க குலவை போடுவாங்க. காத்து நின்னுச்சுன்னா சுருட்டு அணைஞ்சு போயிரும். உடனே பூசாரி, “யாரோ தீட்டோட வந்திருக்கீங்க”ன்னு கூட்டத்தை ஒரு முறை முறைச்சுட்டு, மறுபடி தன் வாயில வச்சுப் பத்த வைப்பாரு. விடியறதுக்குள்ள சாமி பேருல பூசாரி நாலு சுருட்டு முடிச்சிருப்பாரு. சாமிக்கு இருமல் வந்து நான் பாத்ததில்ல. பூசாரிக்கு மார்கழி பூரா இருமல்.

அதுவும் போக எனக்கு ஒரு சந்தேகம் ரொம்ப நாளா உண்டு. போயிலை நம்ம மண்ணுச் செடியே இல்ல. கடலுக்கு அந்தாண்ட அமெரிக்காக் கண்டத்துல இருந்து போர்ச்சுக்கீசியன் கப்பல்ல வந்த சரக்கு. 1600-க்குச் சித்தே பின்னாடி பிஜாப்பூருல இருந்து கொண்டு போய்க் காட்டினப்ப அக்பர் பாதுசாவுக்கே அது புதுசு. அவரு மகன் ஜஹாங்கீர் 1617-ல வேண்டாம்னு தடையே போட்டாரு. கருப்பனோ அதுக்கெல்லாம் எம்புட்டோ காலத்துக்கு முந்தி இருந்து ஊரைக் காக்குற சாமி. அப்படின்னா அதுக்கு முன்னாடி அவரு மீசைக்குக் கீழ என்ன இருந்துச்சு? ஒண்ணும் இல்ல. நாம குடிச்சோம், நாம ருசி கண்டோம், அப்புறம் நம்ம வீட்டுப் பெரியவருக்குக் குடுக்கிற மாதிரி அவருக்கும் ஒண்ணு நீட்டினோம். வேண்டாம்னு சொல்லத் தெரியாத சாமி, வாங்கிக்கிட்டாரு. இது நம்ம ஊரு வழக்கம் மட்டும்னு நெனைக்காத. குவாட்டமாலாவுல சாந்தியாகோ அதித்லான்னு ஒரு ஊரு, அங்க மாக்ஸிமோன்னு ஒரு சாமி. தொப்பி போட்டு, கழுத்துல துணியெல்லாம் சுத்திக்கிட்டு, வாயில சுருட்டோட உக்காந்திருக்காரு. அவருக்கும் சாராயம் உண்டு. நம்ம கருப்பனுக்குப் பங்காளியா இருப்பாரு போல.

இன்னொண்ணு யோசிச்சியா? சபரிமலையில பதினெட்டாம்படிக்குக் கீழ காவலுக்கு நிக்கிறதே நம்ம கருப்பசாமிதான். தலையில இருமுடியை வச்சுக்கிட்டு அவரைக் கும்பிட்டுட்டுத்தானே படி ஏறின? அவரு கண்ணைப் பாத்துக் கும்பிட்டியா, தரையைப் பாத்துக் கும்பிட்டியா?

அப்படியும் கருப்பன் மாதிரிதான் இருப்பேன்னா, தாராளமா இரு. நான் தடுக்கல. சாமியாடி அருவா மேல ஏறி நிப்பாரு, நின்னுக்கிட்டுத்தான் சுருட்டுக் கேப்பாரு. நீயும் மொதல்ல அருவா மேல ஏறி நில்லு. தீப்பெட்டியை நானே கொண்டு வாரேன்.

என்னைப் பாத்து, “நீங்க போயிலை போட்டுத்தானே வீடு கட்டினீங்க”ன்னு மனசுக்குள்ள கேக்குறது எனக்குக் கேக்குது. ஆமா, வெளைய வச்சேன். வேடசந்தூர்ல இதுக்குன்னே மத்திய சர்க்காரு ஆராய்ச்சி நிலையம் வச்சிருக்கு, அங்க போய் நாத்தைப் பத்தியெல்லாம் கேட்டு வந்து வச்சேன். அந்தச் செடியை என்னைவிட யாருக்குத் தெரியும்? பூக்க விடாம கொழுந்தைக் கிள்ளணும், கணுவுக்குக் கணு பக்கக்கன்னை ஒடிச்சுப் போடணும். அரை நாள் ஒடிச்சா கையெல்லாம் பிசினு. காஞ்சதும் தாரு பூசின மாதிரி கறுத்துப் போகும். சீயக்காய் போட்டாலும் போகாது, சோத்துல கையை வச்சா சோறு கசக்கும். விடியக்காலம் பனி ஈரத்தோட இலை ஒடிக்கப் போன பொம்பளைங்க வரப்புல உக்காந்து வாந்தி எடுப்பாங்க, தலை சுத்தி விழுவாங்க. வாயில போடல, புகையா இழுக்கல. ஈர இலை தோல்ல பட்டதுக்கே அந்தக் கூத்து. அதைப் பாத்தவன் எவனாச்சும் வாயில வைப்பானா? நான் வித்தேன், வைக்கல. வேலிகூடப் பெருசாத் தேவைப்படாத வெள்ளாமை அது. ஆடு மாடு வந்து மோந்து பாத்துட்டுப் போயிரும்.

இதுல நம்ம சாமிமாரு மட்டும்தான் இப்படீன்னு மத்தவங்களும் நெஞ்சை நிமித்த வேணாம். தெக்குத் தெரு ராவுத்தரு நோம்பு மாசத்துல விடியறதுல இருந்து பொழுது சாயுற வரைக்கும் எச்சியைக்கூட யோசிச்சுத்தான் முழுங்குவாரு. பாங்கு சொல்லி, பேரிச்சம்பழம் ஒண்ணு, நோம்புக் கஞ்சி ஒரு கிண்ணம். கிண்ணத்தைக் கழுவி வைக்கிறதுக்குள்ள ஆளு பள்ளிவாசல் மதிலுக்குப் பின்னாடி. பகல் பதிமூணு மணி நேரம் ஒரு இழுப்பு இல்லாம இருக்க முடிஞ்சவருக்கு ராத்திரியில மட்டும் என்ன வந்துச்சுன்னு கேட்டேன். “மச்சான், பகல் அல்லாவுக்கு”ன்னாரு. அப்ப ராத்திரி யாருக்குன்னு நான் கேக்கல, பழகின மனுசன். மேட்டுத் தெரு உபதேசியாரு அண்ணனும் அப்படித்தான். சாம்பல் புதனுக்கு நெத்தியில சாம்பல் பூசினா விரல் சாம்பல் நின்னு போகும். தவக்காலம் நாப்பது நாளும் சுத்தம். ஈஸ்டர் பூசை முடிஞ்சு ஆண்டவரு உயிர்த்தெழுந்தாருன்னு மணியடிச்சா, அந்த அண்ணனோட பீடியும் கூடவே உயிர்த்தெழும்.

ஆக மூணு வேதத்துக்காரனும் விட முடியும்னு காட்டிட்டான். மூணு பேரும் திரும்பிப் போயிட்டாங்க. சாமியில கோளாறு இல்ல, காலண்டர்ல கோளாறு.

காலண்டர் இல்லாமச் சொன்ன எடத்துல நெலைமை வேற. குரு கோவிந்த சிங் 1699-ல ஆனந்தப்பூர்ல கால்சாவைத் தொடங்கினப்ப, முடி வெட்டக் கூடாதுங்கிறதோட போயிலையைத் தொடக் கூடாதுங்கிறதும் சேந்துக்கிச்சு. ஒரு மண்டலத்துக்கு இல்ல, சாகுற வரைக்கும். தலைப்பாகையைக் கழட்டி வச்சிட்டுப் போய் இழுக்கவும் முடியாது. 2016-17-ல சர்க்காரு நாடு பூரா எடுத்த கணக்குல, பெரியவங்கள்ல நூத்துக்கு 28 பேருக்கு மேல ஏதோ ஒரு வகையில போயிலை போடுறவங்க. பஞ்சாபுல 13 சொச்சம். அங்க பாதிக்கு மேல சீக்கியர்னு ஞாபகம் வச்சுக்க. நம்ம தமிழ்நாடு 20.

இப்ப மிசோரத்தைப் பாரு. நூத்துக்கு 87 பேரு கிறித்தவங்க. ஞாயித்துக்கிழமை கடைத்தெரு காலியாக் கெடக்கும், அம்புட்டு ஜனமும் சபையில இருக்கும். பக்திக்கு அதுக்கு மேல எங்க போறது? ஆனா அதே கணக்குல போயிலை 58-க்கு மேல! பொம்பளைங்களும் சேத்தி. போயிலைப் புகையைத் தண்ணியில எறக்கி, துய்புருன்னு பேரு வச்சு, அதை வாயில ஊத்தி ஒதுக்கிக்கிறாங்க. அந்தச் சபைக்கு அதிகாரம் இல்லாம இல்ல மாப்ளே. சபை நெருக்கினதுலதான் அங்க 1997-ல மதுவிலக்கே வந்துச்சு. சாராயத்து மேல கண்ணு வச்சாங்க, சாராயம் ஒளிஞ்சு ஓடுச்சு. போயிலை மேல அப்படி ஒரு கண்ணு வைக்கல, அது பாட்டுக்குச் சபை வாசல்லயே குந்திக்கிச்சு. சாமி எதைப் பாக்குறாருங்கிறது பெரிய கேள்வி. ஊரு எதைப் பாக்குதுங்கிறதுதான் சின்னக் கேள்வி, பீடிக்கு அந்தச் சின்னக் கேள்வி போதும்.

பயமுறுத்தி விட வைக்கலாம்னா அதுவும் நடக்கல. துருக்கி சுல்தான் நாலாம் முராத் 1633-ல போயிலை குடிச்சா உசுரு இருக்காதுன்னாரு. சொன்னபடி எடுக்கவும் செஞ்சாரு. தலை போச்சே ஒழிய போயிலை போகல. ரோமாபுரியில போப்பு எட்டாம் அர்பன் 1642-ல செவில் பட்டணத்துக் கோயில்கள்ல போயிலை போடுறவனைச் சபையை விட்டே தள்ளுவேன்னாரு. அப்புறம் 1725-ல பதிமூணாம் பெனடிக்ட் வந்து கோயில்ல போயிலைக்கு இருந்த தடையை எடுத்துட்டாரு. அவருக்கே பொடி போடுற பழக்கமாம். குருசாமியே மூக்குப்பொடி போட்டா கன்னிச்சாமி என்ன செய்வான்? அங்க வாடிகன்ல சிகரெட் விக்கிறதையே நிறுத்தினது 2018-லதான், பிரான்சிஸ் போப்பு காலத்துல.

ஆனா ஒரே ஒரு தடவை ஒரு நாடே மாலை போட்டிச்சு. அதைக் கேளு, உனக்குப் பிடிக்கும். பாரசீகத்து ராசா நாசிருத்தீன் ஷா. செலவுக்குக் காசு இல்லைன்னு 1890-ல அந்த நாட்டுப் போயிலை மொத்தத்தையும் டால்பட்டுன்னு ஒரு வெள்ளைக்கார மேஜருக்கு எழுதிக் குடுத்துட்டாரு. வெளைய வைக்கிறது உள்ளூர்க்காரன், வாங்குறதும் விக்கிறதும் வெள்ளைக்காரன். கடைத்தெரு கொதிச்சுப் போச்சு. 1891 டிசம்பர்ல பெரிய மதகுரு மிர்சா ஷிராசி பேருல ஒரு ஃபத்வா வந்துச்சு: இனிமே போயிலையைத் தொடுறது, மறைஞ்சிருக்கிற இமாமை எதுத்துச் சண்டைக்கு நிக்கிறதுக்குச் சமம். அம்புட்டுதான் வாசகம். நாடே நிறுத்திருச்சு! கடையைச் சாத்தினான், ஹூக்காவை ஒடைச்சுத் தெருவுல போட்டான். அரண்மனைக்குள்ள ராசா தனக்கு ஹூக்கா கேட்டா, பொண்டாட்டிமாரே எடுத்து வைக்க மாட்டேன்னுட்டாங்கன்னு சொல்வாங்க. 1892 சனவரியில ராசா ஒப்பந்தத்தைக் கிழிச்சாரு. ஃபத்வாவும் எறங்குச்சு. அப்புறம் என்ன, தேங்காய் உடைச்ச சத்தம் கேட்ட மாதிரி நாடு மொத்தமும் மறுபடி புகைய ஆரம்பிச்சிருச்சு. ஒரு ராச்சியத்தையே தோக்கடிச்ச ஜனம், பீடிகிட்டத் தானாப் போய்த் தோத்துச்சு. ஆனா அவங்களைக் குத்தம் சொல்ல மாட்டேன். அவங்க விட்டது வெள்ளைக்காரனை வெரட்ட, வெரட்டிட்டாங்க. நீ யாரை வெரட்ட விட்ட?

எனக்கு இதுல எல்லாம் ரொம்பப் பிடிச்சவ ஒரு அமெரிக்காக்காரி. மார்மன்னு ஒரு சபை இருக்கு, ஜோசப் ஸ்மித்னு ஒருத்தர் ஆரம்பிச்சது. ஒஹையோவுல கர்ட்லாண்டுங்கிற ஊருல அவரு வீட்டு மாடியில சபைப் பெரியவங்க கூடி, வேதம் பேசிக்கிட்டே பைப்பு புகைச்சு, போயிலையை மென்னு தரை பூராத் துப்பி வைப்பாங்களாம். தெனம் அதைக் கழுவினது அவரு சம்சாரம் எம்மா. ஒரு நாளு பொறுக்க முடியாம அந்தம்மா மொணங்கப் போயித்தான், அவரு ஆண்டவர்கிட்ட விசாரிச்சாராம்; 1833 பிப்ரவரியில போயிலை ஆகாதுன்னு வாக்கு வந்துச்சாம். பின்னாடி அந்தச் சபைக்குத் தலைவரா வந்த பிரிகாம் யங் சொன்ன கதை இது. அந்தச் சபைக்காரங்க நெறைஞ்ச யூட்டா மாநிலத்துலதான் இன்னிக்கும் அமெரிக்காவுலயே சிகரெட் கம்மி. ஆண்டவரு சொன்னாருங்கிறது அவங்க நம்பிக்கை. அவரு காதுல விழுற மாதிரி வெளக்கமாத்தைத் தட்டினது யாருங்கிறது எனக்குத் தெரியும். உன் பொண்டாட்டியும் வாசல்ல நீ துப்பினதைப் பல வருசமாக் கழுவுறா. அவளும் மொணங்குறா. உனக்கு வாக்குத்தான் இன்னும் வரல.

சரி, இம்புட்டும் எதுக்குச் சொல்றேன்? மாலையைக் கழட்ட வேணாம்னு சொல்ல வரல. கழட்டு. அதுக்குன்னு ஒரு மொறை இருக்கு, வருசம் பூராக் கறுப்பு வேட்டியில திரிஞ்சா ரேசன் கடையில சந்தேகப்படுவான். மாலையோட சேத்து ஆளுகளையும் கழட்டிப் போடுறியே, அதுதான் வேணாங்கிறேன். சாயந்தரம் பாலத்துக் கட்டைக்குப் போகாத. பஜனை மடத்துக்குப் போ. அங்க மாலை போட்டவனுக்கு மட்டும்தான் எடம்னு எவனும் சொல்லல. பாட்டு வராட்டித் தாளம் போடு, தாளம் வராட்டிச் சுண்டல் கிண்டு. சோறு தின்னதும் கை அலையுதா, எந்தங்கச்சி வீட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டு. அந்த அஞ்சு நிமிசம் அதுல போயிரும். ரொம்ப முட்டுச்சுன்னா சிகரெட் டப்பா மேலயே 1800-11-2356-னு ஒரு நம்பர் போட்டிருக்கான், காசு கெடையாது, போன் பண்ணு. இதை வாங்காம இருக்கிறதுக்கு வழி கேக்க இங்க கூப்பிடுன்னு சரக்கு மேலயே நம்பர் அடிச்சு விக்கிற வியாபாரம் இது. பேத்தி சொல்றா, ஒரு வருசம் தொடாம இருந்தா மாரடைப்பு வர்ற வாய்ப்பு பீடிக்காரனுக்கு இருக்கிறதுல பாதியாக் கொறைஞ்சிருமாம். நாப்பத்தோரு நாள் முதல் போட்டாச்சு. மிச்சத்தையும் போட்டுப் பாரு, அடுத்த கார்த்திகையில அடகு வைக்கக் கையில ஒண்ணும் இருக்காது.

எங்க எந்திரிக்கிற? உக்காரு, மோர் வருது. அப்புறம் ஒரு சங்கதி. குருசாமிகிட்ட நேத்தே பேசிட்டேன். மண்டலம் முடிஞ்சா அவருக்கும் பொழுது போகாது, வீட்டுல மருமக வேற விரட்டுறா. தெனம் சாயந்தரம் ஆறரைக்கு உன் வீட்டுத் திண்ணைக்கு வந்து, உன் வாயை ஒரு தடவை மோந்து பாத்துட்டு, ஒரு காப்பி குடிச்சிட்டுப் போறேன்னு ஒத்துக்கிட்டாரு. காப்பிக்கு உன் பொண்டாட்டிகிட்டச் சொல்லியாச்சு. சக்கரை மட்டும் அவருக்குக் கம்மியாப் போடச் சொல்லு.